புளிக்க வைத்த தீவனம்: வீட்டில் பத்துப் பதினைந்து கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு முசிறிப் பக்கம். கொல்லையில் 12 பொட்டை, 2 சேவல், எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி. நான்கு வருடமாகத் தீவனத்தைப் புளிக்க வைத்துத்தான் போடுகிறேன். முட்டை வாங்க வருகிறவர்களும், புதிதாகக் கோழி வாங்கிவிட்ட சொந்தக்காரர்களும் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புளிக்க வைப்பது என்றால் என்ன? ஊற வைப்பதுதானே?

ஊற வைப்பதில் ஆரம்பிக்கிறது, அதோடு முடிவதில்லை. தானியத்தைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்து ஒன்றிரண்டு நாள் விட்டால், தானியத்தின் மேலேயே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் பழைய சோற்றுக்கு அந்த மணத்தைத் தருவதும் இதே கூட்டம்தான். அமிலம் ஏறி, புளிப்பு கூடக் கூட இறங்கும் பி.எச். அளவு 4-க்குப் பக்கத்தில் வந்ததும், கெட்டுப்போக வைக்கும் கிருமிகள் பலவற்றுக்கு அங்கே பிழைப்பில்லை.

நான் முதன்முதலில் வாளி வைத்தபோது என் மாமியார் எட்டிப் பார்த்து, "கழனித் தொட்டிக்கு மூடி போட்டு வச்சிருக்கே, அவ்வளவுதானே" என்றார். அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி.

உண்மையிலேயே என்ன பயன்? பாதித் தீவனம் போதும் என்கிறார்களே?

பாதி போதும் என்பது எடையில் நடக்கும் ஏமாற்று. ஒரு கிலோ தீவனம் தண்ணீர் குடித்து இரண்டு கிலோவுக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு கிலோவைப் பார்த்து "எவ்வளவு நாள் வருது பாருங்க" என்கிறார்கள். காய்ந்த எடையில் கணக்குப் பார்த்தால் எனக்கு மிச்சமாவது ஆறில் ஒரு பங்கு. முன்பு மாதம் 30 கிலோ போன இடத்தில் இப்போது 25 கிலோ. அதிலும் பெரும்பகுதி சேதாரம் குறைந்ததால் வந்தது. காய்ந்த மாவுத் தீவனத்தைக் கோழி அலகால் தள்ளித் தள்ளி, மக்காச்சோளக் குருணையைப் பொறுக்கிக்கொண்டு தூளை மண்ணில் விட்டுவிடும். ஈரமாகச் சேர்ந்திருந்தால் தூளும் உள்ளே போகிறது. தாது உப்பும் கருவாட்டுத் தூளும் தங்குவது அந்தத் தூளில்தான்.

இரண்டாவது பயன் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு பைட்டிக் அமிலத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. கோழிக்கு அதை அவிழ்க்க வேண்டிய நொதி மிகக் குறைவு. புளிக்கும்போது அந்தக் கட்டு ஓரளவு அவிழ்கிறது.

மூன்றாவது, குடல் நலம். புளித்த தீவனம் தின்ற கறிக்கோழிகளுக்கு சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் தொற்றுவது குறைந்ததாக நெதர்லாந்தில் செய்த ஆய்வுகள் காட்டின. இரைப்பையிலேயே புளிப்பு இருப்பதால் கிருமி அதைத் தாண்டிப் போவது கடினம். இதை வைத்து எந்த நோயும் வராது என்று எண்ணிவிடக் கூடாது. அதைக் கீழே சொல்கிறேன்.

எனக்கு நேரில் தெரிந்த நான்காவது பயன், கத்திரி வெயிலில் கோழி தீனி எடுப்பது. மே மாதம் காய்ந்த தீவனத்தைப் பார்த்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் கோழி, ஈரத் தீவனத்தைத் தின்கிறது.

என்னென்ன, எவ்வளவு போட வேண்டும்?

பத்து கிலோவுக்கு என் கணக்கு: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு 2, நொய் 1, அரிசித் தவிடு 1, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் அரை கிலோ. புரதம் ஏறக்குறைய 16 சதவீதம் வரும். மேய்ச்சலில் புழு பூச்சி பொறுக்கும் நாட்டுக்கோழிக்கு இது தாராளம்.

இதில் புளிக்க வைப்பது தானியம், தவிடு, புண்ணாக்கு மட்டும்தான். கருவாட்டுத் தூளையும் தாது உப்புக் கலவையையும் போடும் நேரத்தில் கலந்துகொள்கிறேன். மீனை இரண்டு நாள் தண்ணீரில் வைத்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும்.

செய்முறை: ஒரு நாள் தேவையான 800 கிராமை பிளாஸ்டிக் வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, தீவனத்துக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். தவிடு குடித்திருக்கும், இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். தானியம் தண்ணீருக்கு மேல் தலை நீட்டக் கூடாது, அங்கேதான் பூசணம் பிடிக்கும். வாளியைவிடச் சிறிய தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் கழுவிய கல் ஒன்றை வைத்தால் எல்லாம் அடியிலேயே இருக்கும். வாய்க்குப் பழைய வேட்டித் துணி. இறுக்கி மூட வேண்டாம், உள்ளே காற்று உண்டாகிறது, அது வெளியே போக வேண்டும். காலை மாலை ஒரு கிண்டு.

பஞ்சாயத்துத் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அலுமினியச் சட்டி, துத்தநாகம் பூசிய தகர வாளி இரண்டும் வேண்டாம். அமிலம் உலோகத்தை அரிக்கும். பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர், மண்பானை எல்லாம் சரி. மண்பானையை உள்ளே தேய்த்துக் கழுவுவது சிரமம், அதனால் நான் விட்டுவிட்டேன்.

எத்தனை நாள் வைக்க வேண்டும்?

நிறையப் பேர் தவறு செய்வது இதில்தான், நானும் செய்தேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்த வீடியோக்களில் மூன்று நாள், நான்கு நாள் என்பார்கள். அவர்கள் வாளி இருக்கும் அறையின் வெப்பம் 20 டிகிரி. நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே 38, 39. இட்லி மாவை அந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் வெளியே வைப்பீர்கள்? அதே யோசனைதான் இதற்கும்.

நான் முதல் வாளியை ஒரு சித்திரை மாதம் வைத்து, சொன்னபடி நான்கு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலையே தண்ணீர் வற்றி மேல்தானியம் வெளியே தெரிந்தது, கிண்டவும் மறந்துவிட்டேன். நான்காம் நாள் துணியை எடுத்தால் பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு போலப் பூத்துக் கிடக்கிறது. முழு வாளியையும் கொல்லைக் கடைசியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இப்போது என் கணக்கு: பங்குனி முதல் ஆனி வரை 24 மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள். ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஒன்றரை முதல் இரண்டு நாள். மார்கழிக் குளிரில் இரண்டரை நாள்கூட ஆகும். முந்தைய வாளியின் புளித்த தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினால் இதெல்லாம் பாதியாகக் குறையும். உறை ஊற்றுவது போலத்தான். நான் இரண்டு வாளி வைத்திருக்கிறேன்: ஒன்றிலிருந்து போடும்போது மற்றது புளித்துக்கொண்டிருக்கும்.

சரியாகப் புளித்ததா, கெட்டுவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மூக்கு போதும். நல்ல வாளி நீராகாரம் மாதிரி, தயிர் மாதிரி, சுத்தமான புளிப்பு வாடை அடிக்கும். கிண்டினால் சின்னச் சின்னக் குமிழி மேலே வரும், ஓரத்தில் நுரை இருக்கும்.

கள் வாடை தூக்கலாக இருந்தால் ஈஸ்ட் கை ஓங்கிவிட்டது; அதிக நேரம் வைத்திருக்கிறீர்கள் அல்லது இனிப்பு ஏதாவது சேர்த்திருக்கிறீர்கள். லேசாக இருந்தால் வடித்துவிட்டு உடனே போட்டுவிடலாம், மூக்கில் ஏறும் அளவுக்கு இருந்தால் போட வேண்டாம். அழுகிய முட்டை வாடை, சாக்கடை வாடை, வாந்தி வாடை எது அடித்தாலும் யோசிக்காமல் கொட்டுங்கள்.

மேலே மெல்லிய, தட்டையான வெள்ளை ஆடை படர்வது வேறு, பூசணம் வேறு. ஆடை என்பது ஒருவகை ஈஸ்ட். கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு அடியில் உள்ளதைப் போடலாம். பஞ்சு போல, மயிர் முளைத்தது போல, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் எது இருந்தாலும் அது பூசணம். மேலாக வழித்தெறிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அதன் வேர் உள்ளே இறங்கியிருக்கும். வாளியை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள், பூசணம் பட்ட தீவனத்தின் தண்ணீரை அடுத்த வாளிக்கு உறையாக எடுக்காதீர்கள்.

ஒரு கோழிக்கு எவ்வளவு? எப்போது?

மேயப் போகும் சிறுவிடைக்குக் காய்ந்த எடையில் 50 முதல் 60 கிராம். வடித்த பிறகு அது ஒரு பெரிய கைப்பிடி வரும். கூண்டிலேயே அடைபட்டு முட்டையிடும் கலப்பினக் கோழிக்கு இதுபோல் இரண்டு மடங்கு, 110 கிராம் அளவில் வேண்டும்.

காலையில் மூங்கில் கூடையில் வடிய விட்டு, கருவாட்டுத் தூள் கலந்து, நீளத் தட்டில் போடுகிறேன். பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. அரை மணியில் தட்டு காலியாக வேண்டும். மீதமிருந்தால் அடுத்த நாள் குறைத்துப் போடுங்கள். வாளிக்குள் பத்திரமாக இருக்கும் தீவனம் தட்டுக்கு வந்து வெயில் பட்டால் வேறு கதை: இரண்டு மணி நேரத்தில் ஈ மொய்க்கும், சாயங்காலத்துக்குள் புழு வைக்கும், மண்ணில் சிந்தியது பூசணம் பூக்கும். மொத்த வேலையிலும் ஆபத்தான இடம் எது என்று கேட்டால் இந்த மிச்சத் தீவனத்தைத்தான் சொல்வேன். தட்டைக் கழுவிக் கவிழ்க்காமல் மறு வேலை பார்ப்பதில்லை.

சாயங்காலம் ஒரு பிடி காய்ந்த கம்பு தனியாக வைத்திருப்பேன். "பா... பா..." என்று கூப்பிட்டு இறைத்தால்தான் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருப்பதெல்லாம் கூட்டுக்குத் திரும்பும். ஈரத் தீவனத்தை இறைக்க முடியாதே.

குடிதண்ணீரும், சின்னக் கல்லும் மணலும் எப்போதும்போல் இருக்க வேண்டும். தானியம் மெத்தென்று ஊறிவிட்டாலும் அரைக்கிறது கோழியின் வயிற்றில் கல்தான்.

கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனத்தைப் புளிக்க வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் மெதுவாகப் புளிக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தூள் நிறையச் சேர்த்திருப்பார்கள். உண்டாகும் அமிலத்தை அது தின்றுவிடும். இரண்டு நாள் ஆகியும் புளிப்பு வரவில்லையே என்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். உறைத் தண்ணீரை அதிகம் ஊற்றுங்கள், அல்லது தானியத்தை மட்டும் புளிக்க வைத்து, கடைத் தீவனத்தைப் போடும்போது கலந்துகொள்ளுங்கள். எனக்குப் பின்னது பிடிக்கும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

மருந்து கலந்த குஞ்சுத் தீவனத்தைப் புளிக்க வைக்க வேண்டாம். அது அளவு பார்த்துக் கலந்தது.

குஞ்சுகளுக்கு?

முதல் பத்து நாள் நான் கொடுப்பதில்லை. கொடுக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். தீவனத்தில் எனக்குப் பயமில்லை, ஈரத்தில்தான் பயம். பஞ்சாரத்துக்கு அடியில் குஞ்சுகள் தீவனத்தை மிதித்து, மேலெல்லாம் பூசிக்கொண்டு, தரையையும் நனைத்துவிடும். நனைந்த தரைதான் ரத்தக் கழிச்சலுக்கு வாசல். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணியின் முட்டைகள் பழுக்க ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும், பஞ்சாரத்தில் இரண்டும் உண்டு. பத்து நாளுக்குப் பிறகு தாய்க்கோழியோடு வெளியே வரும்போது, நன்றாக வடித்து, பொடிக் குருணையாகக் கொஞ்சம் வையுங்கள். தாய் கொத்திக் காட்டினால் குஞ்சு தானாகக் கற்றுக்கொள்ளும்.

வெள்ளைக் கழிச்சல் வராமல் இது தடுக்குமா?

தடுக்காது. அது கோழிக் கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்லும் வைரஸ் நோய், புளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை கோழிக் கழிச்சலுக்கு இருவார முகாமும் நடத்தும். எங்கள் தெருவிலேயே ஒருவர் "இயற்கைத் தீனி கொடுக்கிறேன், ஊசி எதற்கு" என்று இருந்து, ஒரே வாரத்தில் இருபது கோழியைக் குழியில் போட்டார்.

லேசாகப் பூசணம் பட்ட சோளம், புண்ணாக்கு இருக்கிறது. புளிக்க வைத்தால் சரியாகிவிடும் அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னியுங்கள். சரியாகாது. கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒரு பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விட்டுவிட்டுப் போகிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, வீட்டு வாளியில் புளிக்க வைத்துப் போக்கிவிடலாம் என்றும் நம்பக் கூடாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாதபோதும் நஞ்சு இருக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். தாக்குவது கல்லீரலை. கோழி உடனே சாகாமல் மெலியும், முட்டை குறையும், தடுப்பூசி போட்டும் நோய் பிடிக்கும்.

புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல், பச்சை திட்டு இருந்தாலோ, பழைய வீட்டுப் பரண் வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். ஒரு முறை மூட்டையாக மலிவு விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கி வந்து, நடுவில் கை விட்டால் சூடாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "மாடு தின்னுதே, கோழி தின்னாதா?" என்றார் கடைக்காரர். எருக்குழிக்குத்தான் போனது. இப்போதெல்லாம் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. தவிடும் அப்படித்தான்: மில்லிலிருந்து வந்த இரண்டு மூன்று வாரத்தில் காறிப்போகும், காறல் வாடையைப் புளிப்பு மறைத்துவிடும் என்பதால் வாளியில் போடும் முன்பே முகர்ந்து பாருங்கள்.

வேறு எதைப் போடக் கூடாது?

ஆமணக்குப் புண்ணாக்கு விஷம், அது வயலுக்கு எரு. பருத்திப் புண்ணாக்கு மாட்டோடு நிற்கட்டும். பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் இருக்கிறது, வறுத்தால்தான் அடங்கும். மரவள்ளித் தோலில் சயனைடு. புளிக்க வைத்தால் குறையும் என்பது உண்மை, எவ்வளவு குறைந்தது என்று வீட்டில் அளக்க முடியாது என்பதும் உண்மை. ஊறுகாய்த் தண்ணீர், உப்புக் கருவாடு வேண்டாம், கோழிக்கு உப்பு கொஞ்சம் கூடினாலே ஆகாது.

தயிர், வெல்லம், ஈ.எம். என்கிற நுண்ணுயிர்க் கரைசல், பஞ்சகவ்யம் சேர்க்க வேண்டுமா?

எதுவும் வேண்டாம். தானியத்தோடு வரும் பாக்டீரியாவே போதும். அவசரமென்றால் ஒரு கரண்டி நீராகாரம் ஊற்றுங்கள். வெல்லம் போட்டால் ஈஸ்ட் பெருகிக் கள்ளாகும். பஞ்சகவ்யத்தைச் செடிக்குத் தெளியுங்கள்.

முளைகட்டித் தருவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஊறியதை வடித்துக் காற்றாட விட்டால் முளைக்கும். தண்ணீருக்கு அடியிலேயே வைத்தால் புளிக்கும். கம்பையும் பச்சைப்பயறையும் முளைகட்டித் தரலாம். சோளத்தை மட்டும் முளைகட்டாதீர்கள்; நான் சொல்வது மக்காச்சோளம் இல்லை, நாட்டுச் சோளம். சோளக் குருத்தில் சயனைடு விஷம் உண்டு. இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் வயிறு ஊதிச் சாகும் என்று நம் ஆட்கள் ஓட்டி விரட்டுவது இதனால்தான்.

முட்டையில் புளிப்பு வாடை வருமா? மஞ்சள் கரு நிறம் மாறுமா?

வாடை வராது. கரு நிறம் புளிப்பால் மாறாது. மஞ்சள் மக்காச்சோளம், முருங்கை இலை, அகத்தி, அசோலா, பச்சைப் புல் இவற்றில் உள்ள நிறமிதான் அங்கே போகிறது. வெறும் நொய்யைப் புளிக்க வைத்துப் போட்டால் கரு வெளுத்துத்தான் இருக்கும்.

கோழி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதே?

புதியது என்றால் கோழிக்குச் சந்தேகம். முதல் நாள் காய்ந்த தீவனத்தில் கால் பங்கு கலந்து, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். டென்மார்க்கில் முட்டைக்கோழிகளுக்குப் புளித்த ஈரத் தீவனம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. அங்கும் கோழிகள் முதலில் தயங்கின, பிறகு முட்டை எடை கூடியது. ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் இறகு சேதமும் அதிகமாக இருந்ததாகவும் அதில் சொல்கிறார்கள். என் கோழிகள் மேயப் போவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே தட்டில் வைத்தால் பெரிய சேவல் மற்றவற்றை விரட்டும். மூன்று தட்டாகத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

எச்சம் தண்ணீராக இருக்கிறது. நிறுத்தவா?

முதல் இரண்டு மூன்று நாள் அப்படி இருக்கும். தொடர்ந்தால் நீங்கள் சரியாக வடிக்கவில்லை. நன்றாக வடித்துப் போட்டால் எச்சம் கெட்டிப்பட்டு வாடையும் குறையும். பச்சையாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால் தீவனத்தை ஆராயாமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டும். வாளியை என்ன செய்வது?

புளித்தது இருந்தால் வடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். வீட்டில் சம்மதித்தால். என் வீட்டில் சம்மதிக்கவில்லை, அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் காய்ந்த தீவனத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, உறைத் தண்ணீரை மட்டும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றித் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போவேன். போன தீபாவளிக்கு வந்த நாத்தனார் அதை மோர் என்று நினைத்து எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பாட்டிலில் "கோழி" என்று பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.